படத்தில் இல்லாத தம்பி

சிதம்பரத்துக்கு,

நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் அக்கா மீனாளின் மூத்தவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான். கணக்கில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அவன்தான் முதல். இரண்டாமவன் ஓட்டப் பந்தயத்தில் ஒரு கோப்பை வாங்கி வந்தான். அவன் அப்பாவைப் பெற்ற பாட்டி அதை உழக்கு என்று நினைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட, இரண்டு நாள் வீட்டில் ஒரே ரகளை. உன் மகன் இங்கிலீஷில் பாட்டு ஒப்பித்துப் பரிசு வாங்கியதாக நீ எழுதியதை நம் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னேன். கடைசி வீட்டுக்குப் போனபோது அவர்களே எனக்கு அந்தச் சேதியைச் சொன்னார்கள். உன் மகள் இரண்டாம் வகுப்பிலேயே பேப்பர் படிக்கிறாள் என்றால், அந்த வயதில் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தலை நிமிராதா? சுப்பையாவின் மகள் செல்வி கீரனூருக்கு பஸ்ஸில் போய் ஆறாவது படிக்கிறாள். கட்டுரைப் போட்டியில் அவளுக்குத்தான் முதல் பரிசு, பரிசாக ஒரு பேனா. அவள் தம்பி மூன்றாம் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலே சொல்கிறான். கல் உடைத்துச் சாப்பிட்ட வீட்டில் பேரப்பிள்ளைகள் ஆறு பேர், ஆறு பேரும் சோடை போகவில்லை. ஆறு என்று எழுதுகிறேன், கவனித்துக்கொள். நீ எப்படி எண்ணினாலும் என் எண்ணிக்கை ஆறுதான்.

இப்போது நீ ருஷ்யாவுக்குப் போகப்போகிறாய். உன் தொழிற்சாலைக்கு மெஷின் கொடுத்த நாட்டிலேயே ஒரு வருஷம் தங்கி வேலை கற்றுவர, அத்தனை பேரில் உன்னைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். செல்வியின் புத்தகத்தில் உலகப் படத்தைத் திறந்து பார்த்தேன். ருஷ்யாவின் மேல் என் உள்ளங்கையை விரித்து வைத்தாலும் மறைக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன ஒருத்தியின் மகன் அங்கே போகிறான் என்று நினைக்கிறபோது எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. அந்தப் பெருமை எனக்கு எந்த நாளும் குறைவாக இருந்ததில்லை. இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகிற தப்புகளில் பாதிக்கு அந்தப் பெருமைதான் காரணம்.

போன மாதம் உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்றைக்கு என் மூக்குக் கண்ணாடி கால் ஒடிந்து கீரனூர்க் கடையில் கிடந்தது. ஆகவே உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியவன் சுப்பையா. வயலுக்குக் கிளம்பியவன், மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றபடியே வாசித்தான். நலம் விசாரித்திருந்தாய், மழை விசாரித்திருந்தாய். பிறகு, வெளிநாட்டுப் பயணத்துக்காகப் போலீஸ் விசாரணை வரும், உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் ஒரு பெண், ஒரு ஆண் என்று மட்டும் சொல்ல வேண்டும், மனுவில் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், சுப்பையா ஜெயிலுக்குப் போன கேஸ் தெரிந்தால் பயணம் நின்றுவிடும், விசாரணைக்கு வருகிற நேரத்தில் அவனை வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியையும் அவன் தடுமாறாமல் வாசித்தான். ‘அவனை’ என்று நீ எழுதியிருந்த இடத்தில் ‘என்னை’ என்றுகூட மாற்றவில்லை. உள்ளது உள்ளபடி வாசித்து, மடித்து, என் கையில் கொடுத்தான்.

“அண்ணன் சொல்றது ஞாயந்தான் ஆத்தா. அந்தக் கேசுக் கட்டு இன்னும் எங்கிட்டாவது கெடக்கும்ல. ஆளு வர்றப்ப நான் வேணா மாமன் ஊருக்குப் போயிருறேன்.”

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கேஸ் எப்படி வந்தது என்று நீயும் நானும் பதினைந்து வருஷமாகப் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன். உனக்குப் படிக்கப் பிடிக்காமல் போகலாம். உன் கடிதத்தை அவன் வாசித்த மாதிரி நீயும் இதைக் கடைசி வரி வரை வாசி.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். குவாரிச் சங்கத்துக்காரர்கள் திருச்சியிலிருந்து மெஷின் கொண்டுவந்து ஒரு ருஷ்யப் படம் காட்டினார்கள். ஜல்லி குவிக்கிற பொட்டலில் இரண்டு எட்டு முழ வேட்டியை மூங்கிலில் கட்டினார்கள். அந்த வேட்டிகளைச் சேர்த்து மூட்டியது நான்தான். படத்தில் எவர் வந்தாலும் என் தையல் அவர் மூக்குக்கு நேரே போனது. படம் ருஷ்யப் பாஷையில் பேசும். பக்கத்தில் ஒருவர் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். அந்த ஆள் காய்ச்சலில் கீரனூரிலேயே படுத்துவிட்டார். கதைச் சுருக்கம் இங்கிலீஷில் அடித்த ஒரு தாளை உன் கையில் கொடுத்து மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நீ ஒருவன்தான். உன் அப்பா நெஞ்சில் கல்லுப் பொடி அடைத்துச் செத்தபோது சுப்பையா ஐந்தாவதோடு படிப்பை விட்டுவிட்டுச் சம்மட்டியைத் தூக்கினான். அதனால்தான் நீ அதுவரை படித்திருந்தாய். இதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், ஞாபகப் பிசகு வேண்டாம்.

முன்பக்கம் முழுக்க ஆண்கள் நிறைந்துவிட்டதால் பெண்கள் நாங்கள் வேட்டிக்குப் பின்பக்கம் உட்கார்ந்தோம். அங்கிருந்தும் படம் தெரியும், வலது இடதாகத் தெரியும், அவ்வளவுதான். ருஷ்யாவில் அத்தனை பேரும் இடது கையால் சம்மட்டி அடிக்கிறார்கள், இடது கையால் சாப்பிடுகிறார்கள் என்று எங்களுக்கு ஒரே சிரிப்பு. தரையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. பனி என்று நீ மைக்கில் சொன்னாய். எங்களுக்குப் பனி என்றால் மார்கழிப் புல்லில் இருக்கிற ஈரம். என்னோடு ஜல்லி சுமந்த செல்லாயி, “பனியுமில்ல ஒண்ணுமில்ல, அம்புட்டும் கல்லுப் பொடி. நம்மள விடப் பெரிய குவாரி போல அங்கிட்டு” என்றாள். எல்லாரும் அதைத்தான் நம்பினோம்.

பிறகு ஊர்வலம் வந்தது. கொடி எங்கள் கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது. சிவப்பு என்று நீ சொன்னாய். நம் குவாரியில் சிவப்புக் கொடிக்கு ஒரே அர்த்தம்தான். வெடிக்கு நெருப்பு வைத்தாயிற்று, ஓடு. செல்லாயி எழுந்தே நின்றுவிட்டாள். “ஏத்தா, கொடிய காட்டிட்டாங்ய. இந்தச் சனம் ஓடாம கொடிக்கிட்டயேல்ல போகுது” என்றாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. காண்டிராக்டர் கொடி காட்டுகிற ஆளை நிறுத்திவிட்டு, கொடியில்லாமலே வெடி வைக்க ஆரம்பித்து அப்போது ஆறு மாதம். செல்லாயி புருஷனுக்கு ஒரு கால் போனது அந்த ஆறு மாதத்துக்குள்தான். ஓடச் சொல்வதற்குக்கூட எங்களுக்குக் கொடி இல்லை, அங்கே கொடியைத் தேடிப் போகிறார்கள். அந்தப் படத்தில் எனக்கு முழுசாகப் புரிந்த இடம் அது ஒன்றுதான்.

ஊர்வலத்தில் முன்னால் நடந்த தாடிக்காரரைச் சுட்டுவிட்டார்கள். அவர் விழுந்தார், தொப்பி உருண்டு போனது. நாங்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டோம். ஆபரேட்டர் டப்பாவை மாற்றினார். மறுபடி படம் ஓடியபோது, அதே தாடிக்காரர் அதே தொப்பியோடு ரொட்டியைக் கடித்துக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தார். வேட்டியின் ஓரத்தில் நின்ற உன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தாளைப் பார்த்தாய், படத்தைப் பார்த்தாய், மறுபடி தாளைப் பார்த்தாய். முன்பக்கம் முணுமுணுப்புக் கிளம்பியது. நீ தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைக் குரலில் சொன்னாய்.

“இவர் இறந்தவருடைய தம்பி. அண்ணன் விழுந்த இடத்தில் தம்பி வந்து நிற்கிறார்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகு அந்தத் தம்பியைக் காப்பாற்ற நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். தாடிக்காரரின் பெண்டாட்டி அவரைக் கட்டிக்கொண்டு அழுகிற இடம் வந்தது. மதினி கொழுந்தனை மகனாக நினைத்து ஆசீர்வதிக்கிறார் என்று ஒரு போடு போட்டாய். ருஷ்யாவில் மதினிமாருக்குப் பாசம் கொஞ்சம் தூக்கல்தான் என்று பின்பக்கத்தில் ஒருத்தி சொல்ல, நாங்கள் குனிந்து குனிந்து சிரித்தோம். படம் முடிந்து எல்லாரும் கலைந்ததும் ஆபரேட்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு வந்து, மூன்றாவது டப்பாவுக்கு முன்னால் நாலாவதைப் போட்டுவிட்டேன் தம்பி, நல்லவேளை சமாளித்தாய் என்றார். அப்போது உன்னோடு நின்றது நான் ஒருத்திதான். வெளியே சொல்லிவிடாதே ஆத்தா என்றாய். நான் சொல்லவில்லை. உன் கெட்டிக்காரத்தனத்துக்குக் கண்பட்டுவிடும் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சுப்பையா உன்னிடம், அந்தத் தம்பி பேர் என்னண்ணே என்று கேட்டான். அவனுக்கு அப்போது பதினெட்டு. நீ வாய்க்கு வந்த ஒரு ருஷ்யப் பெயரைச் சொன்னாய். நாலு நாள் அந்தப் பெயரை முணுமுணுத்துக்கொண்டே கல் உடைத்தான். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மகன் சொன்ன பொய்யைத் தாய் உடைக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். அதுவும் இன்னொரு மகனிடம்.

அடுத்த மாதம் வேலைநிறுத்தத்தில் குவாரி நின்றது. கொடி காட்ட வேண்டும், விசில் ஊத வேண்டும், ஆள் விலகின பிறகுதான் வெடி என்று கேட்டார்கள். மனு எழுதியவன் நீ. பேசியவன் நீ. காண்டிராக்டர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வெடி வைக்கப் போகிறார் என்று தெரிந்ததும், வெடிக்கு நெருப்பு வைக்கிற திரிச் சுருளை எடுத்துவந்து நம் நெல் குதிருக்குள் போட்டவனும் நீ. திரி இல்லாமல் எப்படி வெடிப்பான் பார்ப்போம் என்று சிரித்தாய். வெடிமருந்துத் திருட்டு என்று காண்டிராக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். திருச்சியில் உனக்கு டெக்னிக்கல் படிப்புக்கு இடம் கிடைத்த கார்டு வந்து அன்றைக்கு மூன்றாவது நாள். நான் அதைச் சேலை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியிருந்தேன்.

காலையில் போலீஸ் வந்தார்கள். உன்னைக் குதிருக்குப் பின்னால் நிறுத்தியது நான். நீ வெளியே போகத்தான் பார்த்தாய், அதை நான் மறைக்க மாட்டேன். உன் தோளைப் பிடித்து உட்கார வைத்து, மேலே சாக்கைப் போட்டேன். சிதம்பரம் எங்கே என்று வாசலில் சத்தம். கொல்லையிலிருந்து சுப்பையா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். திரியை எடுத்தது நான்தான் என்றான். நீதான் சிதம்பரமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“நான் அவரு தம்பிங்க” என்றான்.

அவன் அதைச் சொன்ன விதத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்தி, மைக்கில் நீ சொன்ன அதே மாதிரி. அப்போதாவது நான் அவன் கையைப் பிடித்து, அடேய், படத்தில் அப்படி ஒரு தம்பியே இல்லை, டப்பா மாறிப்போனதற்கு உன் அண்ணன் சொன்ன சமாளிப்பு அது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெட்டிக்குள் கார்டு இருந்தது. இவன் எப்படியும் கல் உடைக்கப் போகிறவன்தானே, போகிறவன் போகட்டும், படிக்கிறவன் படிக்கட்டும் என்று ஒரு நினைப்பு அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குள் ஓடியது. எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

ஸ்டேஷனில் விழுந்த அறையில் அவனுக்கு இடது காது போனது. ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தான். அவனைத் தவிர யார் மேலும் கேஸ் வரவில்லை, யாரும் தானாக முன்னால் வரவும் இல்லை. நீ ஒரு தடவை போய்ப் பார்த்தாய். அடுத்த தடவை பரீட்சை என்றாய். அடுத்ததற்கு அடுத்த தடவை நான் கேட்கவில்லை. கொடி மட்டும் திரும்ப வந்தது. இன்றைக்கும் அந்தக் குவாரியில் கொடி காட்டி, விசில் ஊதி, ஆள் விலகின பிறகுதான் வெடி வைக்கிறார்கள். செல்லாயி ஒவ்வொரு தடவை கொடியைப் பார்க்கும்போதும், ஒம் மகன் கொடி காட்டியாச்சு என்பாள். அவள் சொல்வது எந்த மகனை என்று உனக்குச் சந்தேகம் வராது.

சுப்பையா வெளியே வந்து, கல்யாணமாகி, செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது, சங்கத்துக்காரர்கள் அதே படத்தைக் கீரனூரில் காட்டினார்கள். அவன் மட்டும் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தான். ஒரு வாரம் போனது. ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“அந்த ஆளுக்குத் தம்பியே இல்லயாம் ஆத்தா.”

நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை டப்பாக்களை வரிசையாகப் போட்டார்களாம். அண்ணன் அன்றைக்கு வாயாலேயே ஒரு ஆளை உண்டாக்கியிருக்கிறது, கெட்டிக்காரன்தான் என்று சிரித்தான். அப்படியானால் அவர் விழுந்த பிறகு யார்தான் வருகிறார்கள் என்று கேட்டேன். 

“தனியா ஒருத்தனும் வரல ஆத்தா. சனம் அம்புட்டும் வருது. பட்டறையில ஒரு ஆளு பாக்கியில்ல.” பிறகு, “ஒனக்கு முன்னயே தெரியுமா?” என்றான்.

தெரியும் என்றேன். ஊர் மொத்தமும் வந்து நின்றிருக்க வேண்டிய இடத்தில், நீ சொன்ன கதையை நம்பி இவன் ஒருவன் வந்து நின்றான். எனக்கு அது தெரியும் என்பதும் அன்றைக்கு அவனுக்குத் தெரிந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு எழுந்திருப்பான் என்று பார்த்தேன். சோற்றை முழுக்கச் சாப்பிட்டான். மோர் இருக்கிறதா என்று கேட்டான். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தப் பேச்சை அவன் எடுத்ததில்லை. உனக்கு அவன் தபாலில் அனுப்பிய கத்தரிக்காய் வற்றலும் மாவடுவும் அதற்குப் பிறகுதான் அனுப்பியவை.

இவ்வளவையும் எழுதினால்தான் போன வாரம் செவ்வாய்க்கிழமை நடந்தது உனக்குப் புரியும். அன்றைக்கு விசாரணைக்கு ஆள் வந்தார், மப்டியில். கெட்ட மனிதர் இல்லை, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். நீ சொன்னபடி சுப்பையாவை நான் அப்புறப்படுத்தவில்லை. மாமன் ஊருக்குப் போகிறேன் என்றவனிடம், நீ போனால் நானும் கூடவே பஸ் ஏறிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவன்தான் அவருக்கு நாற்காலி போட்டான், மோர் கொடுத்தான். நீ யாரப்பா என்று கேட்டார். பக்கத்து வீடுங்க என்றான். அதைச் சொன்னபோது அவன் குரலைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொடுக்காத பேச்சு.

வந்தவர் பையிலிருந்து உன் மனுவை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த போட்டோவை என் பக்கம் திருப்பினார். தலையைப் பின்னுக்கு வாரி, மீசையை எடுத்துவிட்டு, டை கட்டி, தடித்த கண்ணாடி போட்டு ஒருவர். ஒங்க மகன்தானேம்மா இது என்று கேட்டார். என் மூக்குக் கண்ணாடி சரியாகி வந்துவிட்டது, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கையை நீட்டிப் பார்த்தேன், கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அடையாளம் பிடிபடவில்லை. என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துச் சுப்பையா சொல்லிவிட்டான்.

“அண்ணந்தான் ஆத்தா.”

வந்தவர் பென்சிலை நிறுத்தினார். “அண்ணனா?”

“ஊருல நமக்கு மூத்தவுக எல்லாரும் அண்ணந்தானுங்களே” என்றான்.

அவர் சிரித்துவிட்டார். எங்கள் ஸ்டேஷனில் எனக்கும் பத்து அண்ணன் இருக்கிறார்கள் என்றார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கூடப் பிறந்தவனைக் கூப்பிடுகிற வார்த்தையும் டீக்கடையில் முன்னால் நிற்கிறவரைக் கூப்பிடுகிற வார்த்தையும் நம்மிடம் ஒன்றாகப் போய்விட்டது. அந்த இடுக்கில் நுழைந்து அவன் தப்பித்துக்கொண்டான். அவன் என்று தப்பாக எழுதிவிட்டேன், தப்பித்தது நீ. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஒரு மகள், ஒரு மகன் என்றேன். எழுதி, வாசித்துக் காட்டி, தாளை நீட்டினார். கைநாட்டா என்று மைப் பெட்டியைத் தேடினார். எனக்குக் கையெழுத்துத் தெரியும் என்று சொல்லிவிட்டு, முழுப் பெயரையும் போட்டேன். முத்துப் போல எழுதுகிறாய் என்று ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் சொன்ன எழுத்து. அதை ஒரு பொய்க்குக் கீழே போடுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவோரத்தில் நின்றிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. அவர் போனதும் கிட்டே வந்தாள்.

“அப்பத்தா, அப்ப எங்கப்பா யாரு மகன்?”

மோர்க் குவளையைக் கழுவி வை என்று சுப்பையா அவளை உள்ளே அனுப்பினான். அவள் கழுவினாள், கவிழ்த்து வைத்தாள், திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்துகொண்டாள். கட்டுரையில் முதல் பரிசு வாங்குகிற பிள்ளை, பாதிப் பதிலை வைத்துக்கொண்டு எழுந்து போகிற பிள்ளை இல்லை. இன்றைக்கு ஒன்பதாவது நாள். மறுபடி கேட்கவில்லை. தினமும் வந்து உட்காருகிறாள்.

இல்லாத தம்பியை நாலு வார்த்தையில் உண்டாக்கினாய். இருக்கிற தம்பியை மனுவில் ஒரு வரியில் இல்லாமல் ஆக்கினாய். இரண்டுக்கும் நான் உடந்தை. அதனால் உன்னைத் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை இல்லை, பாதி உரிமைதான் இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன். உன் பயணத்தைக் கெடுக்க எனக்கு எண்ணம் இல்லை. மனுவைத் திரும்ப எழுது என்றோ, ஆபீசில் போய் உண்மையைச் சொல் என்றோ நான் கேட்கவில்லை. கேட்கத்தான் நினைத்தேன். அண்ணன் பயணம் நின்னா நான் உள்ள இருந்தது வீணாப் போகும் ஆத்தா என்று சுப்பையா சொல்லிவிட்டான். அவன் அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன கேட்பது.

ஆனால் ஒரு மகன் என்று நான் போட்ட கையெழுத்தைப் பற்றி இந்த ஒன்பது நாளும் யோசித்தேன். பொய் பொய் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது முதல் இரண்டு நாள்தான். பிறகு அது பொய்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு உடம்பு சுட்டால் தொட்டுப் பார்க்கிறவன் ஒருவன். என் கண்ணாடியைக் கீரனூருக்கு எடுத்துப்போய், கடை திறக்கிற வரைக்கும் காத்திருந்து வாங்கி வந்தவன் ஒருவன். நான் செய்தது தெரிந்த பிறகும் என் கையால் சாப்பிடுகிறவன் ஒருவன். எண்ணிப் பார்த்தால் ஒன்றுதான் வருகிறது. அந்த மப்டிக்காரர் சரியாகத்தான் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

அதைப் பொய்யாக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு நாள் இங்கே வா. எனக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், சுப்பையாவுக்கும் வேண்டாம், மன்னிப்பு அது இது என்று ஆரம்பித்தால் அவன் வயலுக்குக் கிளம்பிவிடுவான். செல்வியை எதிரே உட்கார வைத்து, உன் அப்பா என் கூடப்பிறந்த தம்பி, திரியை எடுத்தவன் நான் என்று உன் வாயால் சொல். கதையாகச் சொல்லாதே. உனக்குக் கதை நன்றாக வரும், அது எனக்குத் தெரியும், அவளுக்கு அது வேண்டாம். அவள் நடுவில் கேள்வி கேட்பாள். கேட்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுப் போ.

லீவு இல்லை, சாமான் கட்ட வேண்டும், நாள் நெருங்கிவிட்டது என்று நீ எழுதலாம். எழுதினால் சுப்பையா அதையும் எனக்கு வாசித்துக் காட்டி, அண்ணன் சொல்வது நியாயம்தான் என்பான். அப்படி வர முடியாமல் போனால் ஒன்று மட்டும் செய். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. மீசை வளர்க்க வேண்டாம், டையைக் கழற்ற வேண்டாம், இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே எடுத்து அனுப்பு. தினமும் எடுத்துப் பார்த்துப் பழகிக்கொள்கிறேன். இன்னொரு தடவை யாராவது வந்து அந்த முகத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டால், சுப்பையாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கக் கூடாது.